கடலூரில் வீட்டுக்கு ஏசி மாட்ட யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: கூத்தப்பாக்கத்தில் புதிதாக மாடி வீடு கட்டி முடித்திருக்கிறோம். மேல்மாடியில் அப்பா அறை, எங்கள் அறை, அப்புறம் ஹால் என்று மூன்று ஸ்பிளிட் ஏசி போட வேண்டும். மாட்டும் கூலியாக மெஷினுக்கு ஒருவர் 1,500 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 3,000, பாண்டியிலிருந்து வந்து பார்த்தவர் 4,500. மூன்று பேரும் "நல்லா பண்ணித் தருவோம்" என்கிறார்கள். யாரை நம்புவது? குளிர், சூடு இரண்டும் தருகிற மெஷின் வாங்கச் சொல்கிறார்கள், அது தேவையா?

பதில்:

ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிப்பு 2 வருடம் முடித்து, பாண்டியில் ஒரு டீலரிடம் சில வருடம் வேலை பார்த்து, பிறகு கடலூரில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். மொத்தம் 23 வருடம் ஆகிறது. எந்தக் கம்பெனி ஏசி நல்லது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. யார் மாட்டினால் நல்லது என்று கேட்பவர்கள் குறைவு. நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சூடு தருகிற ஏசி நமக்கு வேண்டாம். மார்கழி விடியற்காலையில்கூட கடலூரில் 20 டிகிரிக்கு ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரருக்குத் தேவைப்படுவது அது. அந்தக் காசை மாட்டுகிற வேலையில் போடுங்கள்.

ஃபிரிட்ஜ் வாங்கினால் பெட்டியைப் பிரித்து பிளக்கைச் செருகினால் போதும். கேஸ் ஓடுகிற குழாய் எல்லாவற்றையும் ஃபாக்டரியிலேயே பற்றவைத்து மூடி அனுப்புகிறார்கள். ஸ்பிளிட் ஏசி அப்படி இல்லை. இண்டோர் ஒரு பெட்டி, அவுட்டோர் ஒரு பெட்டி. இரண்டையும் செப்புக் குழாயால் சேர்த்து, உள்ளே இருக்கும் காற்றை எடுத்து, கேஸைத் திறந்துவிடுவது உங்கள் வீட்டு பால்கனியில் நடக்கிறது. அதாவது மெஷினைச் செய்து முடிக்கிற கடைசிக் கட்டம் ஃபாக்டரியில் இல்லை, உங்கள் வீட்டில்தான். அதைச் செய்கிறவர் சரியில்லை என்றால் 5 ஸ்டார் மெஷினும் 2 ஸ்டார் மாதிரிதான் ஓடும்.

உங்களிடம் விலை சொன்ன மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாக்யூம் பம்ப் கொண்டு வருவீங்களா?" பதிலில் பாதி தெரிந்துவிடும். "இந்த மாடலுக்கெல்லாம் அது தேவையில்லை", "கேஸ் விட்டே காத்தைத் தள்ளிடுவோம்" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். "கொண்டு வருவேன், ஆனா ஒரு மெஷினுக்கு அரை மணி நேரம் கூட ஆகும்" என்றால் மேற்கொண்டு பேசலாம்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். இரண்டு பெட்டியையும் சேர்த்த பிறகு குழாய்க்குள் வெளிக்காற்று இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் உள்ளேயே தங்கினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து நாளாக ஆக அமிலமாகும், கம்ப்ரசர் உள்ளே சுற்றியிருக்கும் காயிலை அரிக்கும். ஈரம் மட்டும் இல்லை, காற்றும் கெடுதல்தான். ஏசி கேஸ் குளிர்ந்தால் திரவமாகும், காற்று ஆகாது. அது அவுட்டோர் காயிலில் இடத்தை அடைத்துக்கொண்டு பிரஷரை ஏற்றிவிடும், மெஷின் தேவையில்லாமல் கரண்ட் இழுக்கும். வாக்யூம் பம்ப் வைத்து இழுக்கும்போது காற்று வெளியே போகிறது. உள்ளே அழுத்தம் இறங்க இறங்க, 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி அதுவும் வெளியேறுகிறது. பம்ப் இல்லாமல் எத்தனை முறை கேஸை ஊதினாலும் குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் போகாது. மேலும் ஊதி விடுவது மெஷினுக்கென்று எடை போட்டு அடைத்து வந்த கேஸ். அவுட்டோர் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், பாருங்கள். வீட்டு ஏசியில் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னேதான் இருக்கும். அதில் கொஞ்சம் போனாலும் குறைதான். இப்போது வருகிற ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது, அறையில் ஊதி விளையாடுகிற பொருளும் இல்லை.

எங்கள் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். நான் பாண்டியில் இருந்த காலத்தில், அவசரத்துக்கு வேறு ஒருவரை வைத்து மாட்டிவிட்டார்கள். முதல் கோடையில் குளிர் குறைந்தது, "கேஸ் கம்மி" என்று சொல்லி நிரப்பினார். அடுத்த கோடையிலும் நிரப்பினார். மூன்றாவது வருடமும் அதே கதை. அதன் பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். போய் அவுட்டோர் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தடித்த குழாயின் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி அப்பிக் கறுப்பாக இருந்தது. ஓரத்தில் பச்சைக் களிம்பு. பாத்திரம் துலக்குகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து பிரஷால் தடவினேன். நட்டின் அடிப்பக்கத்தில் மட்டும் கடுகு அளவுக்கு நுரை கிளம்பி, ஊதி, உடைந்து, திரும்பக் கிளம்பியது. நட்டைக் கழற்றிப் பார்த்தால் செப்புக் குழாயின் விரித்த வாயில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். மூன்று வருடம் அக்கா கொடுத்த கேஸ் காசு முழுக்க அந்த விரிசல் வழியாகப் போயிருக்கிறது. குழாய் முனையை இரண்டு அங்குலம் வெட்டி, திரும்ப விரித்து, வாக்யூம் போட்டு, எடை மெஷினில் வைத்து கேஸ் ஏற்றினேன். அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு கேஸ் போடவே இல்லை.

ஒன்றை மனதில் வையுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் கிடையாது. அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். கசிவைத் தேடாமல் கேஸ் நிரப்ப வருகிறவர், அடுத்த வருடமும் வரப் போகிறவர். "எங்க லீக்னு காட்டுங்க, அதுக்கப்புறம் கேஸ் போடுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது, சோப்பு நுரையைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அந்த விரித்த வாய்க்கு ஃபிளேர் என்று பெயர். வேலை நடக்கும்போது ஒரு நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். குழாயை ஆக்ஸா பிளேடில் அறுக்கக் கூடாது, சின்ன கட்டரை வைத்துச் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டிய வாயின் உள்பக்கத்துப் பிசிறை எடுக்கும்போது குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் செப்புத் தூள் உள்ளே விழும். விரித்த பிறகு விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், ஒரு சொட்டு எண்ணெய் வைப்பார். நட்டை முதலில் கையாலேயே முடிந்தவரை சுற்றுவார், பிறகுதான் இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்குவார். ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று திருக. ஒரே ஸ்பேனரில் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குகிறவர் குழாயையும் சேர்த்து முறுக்குகிறார். எங்கள் அக்கா வீட்டு விரிசல் அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

வாக்யூம் போட்டு முடித்ததும் பம்பை நிறுத்திவிட்டு அழுத்தம் காட்டுகிற கேஜ் முள்ளைப் பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். முள் மேலே ஏறினால் எங்கோ காற்று புகுகிறது. அசையாமல் நின்றால்தான் வால்வைத் திறக்கலாம். இந்தப் பத்து நிமிடம் பொறுமை உள்ளவரா என்பதுதான் நான் என்னிடம் வேலைக்குச் சேரும் பையன்களிடமும் பார்ப்பது.

இப்படி ஒழுங்காகச் செய்தால் ஒரு மெஷினுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். 1,500 ரூபாய்க்கு வருகிறவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூலியில் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமென்றால் ஒரு நாளில் ஐந்து மெஷின் மாட்டியாக வேண்டும், ஐந்து மாட்டினால் வாக்யூமுக்கு நேரம் இருக்காது. 4,500 கேட்டால் வேலை நன்றாக இருக்கும் என்றும் கிடையாது. அந்தத் தொகையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். சிலர் கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் கூடுதல் செப்புக் குழாய்க்கு அடிக்கு இவ்வளவு, ஸ்டாண்டுக்கு இவ்வளவு, சுவர் துளைக்க இவ்வளவு, டிரெயின் பைப்புக்கு இவ்வளவு என்று அடுக்குவார்கள். கம்பெனி பெட்டியில் பெரும்பாலும் 3 மீட்டர், அதாவது பத்து அடி குழாய்தான் வரும். உங்கள் மூன்று அறைக்கும் அவுட்டோர் எங்கே வரும் என்று முடிவு செய்து, அடிக்கணக்கு அளந்து, மொத்தமாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரோடு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது. அறையைப் பார்க்காமல் "எல்லாத்துக்கும் ஒன்றரை டன் போட்டுடலாம்" என்பவரை விட்டுவிடுங்கள். ஒரு டன் என்பது ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கிற வெப்பம், மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கிற கணக்கு). அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதை வைத்துத்தான் டன் முடிவாக வேண்டும். கீழ்வீட்டில் 10-க்கு 12 அடி அறைக்கு ஒரு டன் தாராளம். அதே அறை உங்களைப் போல் மேல்மாடியில் இருந்து, மேற்குச் சுவரிலும் வெயில் விழுந்தால் போதாமல் போகலாம். கத்திரி வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த காங்கிரீட் தளம் இரவு பன்னிரண்டு மணி வரை அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் நல்ல ஆள் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்ப்பார். தளத்தின் மேல் என்ன போட்டிருக்கிறீர்கள், ஜன்னல் எந்தத் திசை, அறையில் எத்தனை பேர் படுப்பீர்கள் என்று கேட்பார். "முதல்ல மாடியில வெள்ளை கூலிங் டைல்ஸ் போடுங்க, அப்புறம் ஒரு டன்னே போதும்" என்று ஒருவர் சொன்னால், தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு உங்களுக்கு நல்லது சொல்கிறார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரிதாகப் போட்டுவிட்டால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அது தப்பு. நமக்கு வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய தொல்லை. ஏசி அறையைக் குளிர்விக்கும்போதே காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது, டிரெயின் பைப்பில் சொட்டுவது அதுதான். தேவைக்கு மேல் பெரிய மெஷின் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் இருக்காது. அறை ஜில்லென்று இருக்கும், போர்வை மட்டும் நசநசவென்று இருக்கும். இன்வெர்டர் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஹாலைப் பற்றி என் கருத்து: மாடிப்படி திறந்த ஹால் என்றால் இப்போது போடாதீர்கள். குளிர் எல்லாம் படியில் இறங்கிக் கீழே போய்விடும். குழாயும் வயரும் மட்டும் விட்டு வையுங்கள். இரண்டு படுக்கையறையில் ஒரு கோடையைக் கழித்துப் பாருங்கள். அப்போதும் தேவை என்று தோன்றினால் போட்டுக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம், உப்புக் காற்று. கூத்தப்பாக்கம் கடலை ஒட்டி இல்லை என்றாலும் காற்று வந்து சேரும். தேவனாம்பட்டினம், முதுநகர், பாண்டியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். உப்பு முதலில் தின்பது மெஷினை இல்லை, அது உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டை. சாதாரண ஸ்டாண்டில் பெயின்ட் மேலோட்டமாகத்தான் இருக்கும். வெல்டிங் போட்ட மூலையில் துரு ஆரம்பித்து உள்பக்கமாகவே போகும், வெளியே பார்க்கத் தெரியாது. ஒரு மாடி வீட்டில் சர்வீஸுக்குப் போனபோது ஸ்டாண்டின் கையை விரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதன் மேல் முப்பது கிலோவுக்குக் குறையாத அவுட்டோர், அதற்கு நேர் கீழே பிள்ளைகள் சைக்கிள் விடுகிற இடம். அன்றைக்கு மெஷினைக் கயிறு கட்டி இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அதனால் ஸ்டாண்ட் என்ன போடுவார் என்று கேளுங்கள். துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜிஐ ஸ்டாண்ட் கிடைத்தால் அதுதான் நல்லது. போல்ட், நட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், விலை வித்தியாசம் சொற்பம். சுவர் என்ன கல் என்றும் அவர் கேட்க வேண்டும். செங்கல் சுவரில் பிடிக்கிற ஆங்கர் போல்ட் உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்கிலோ எடை குறைந்த ஏஏசி பிளாக்கிலோ அப்படிப் பிடிக்காது, சுவரைத் துளைத்து மறுபக்கம் பிளேட் வைத்து முடுக்க வேண்டும். மொட்டை மாடியில் தரையில் வைக்க இடம் இருந்தால் அதைவிட நிம்மதி இல்லை. நாலு அங்குலம் உயரமாகக் கட்டை கட்டி, ரப்பர் வைத்து, போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். குழாய் நீளம் கூடும் என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஒருவரின் வேலையை எடைபோட நான் சொல்லும் வழி இதுதான்: ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் அவர் மாட்டிய ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி அது பாண்டி பக்கம் கரை ஏறியது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் நம்மை அடித்தது போன்ற காற்று இல்லை என்றாலும், மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் வெள்ளம் வந்தது. அந்த நாட்களைத் தாண்டி நிற்கிற அவுட்டோரைப் போய்ப் பாருங்கள். ஸ்டாண்டில் துரு எவ்வளவு, குழாய் மேல் சுற்றிய ஃபோம் வெயிலில் கிழிந்து தொங்குகிறதா, சுவர் ஓட்டையைச் சரியாக அடைத்திருக்கிறாரா, டிரெயின் தண்ணீர் சுவரில் வழிந்து பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் "எத்தனை தடவை கேஸ் போட்டீங்க?" என்று மட்டும் கேளுங்கள். இணையத்தில் இருக்கும் நட்சத்திரங்களைவிட அந்த ஒரு பதில் உங்களுக்கு உதவும். கீழ்வீட்டில் போடுவதாக இருந்தால், அந்த வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எந்த மட்டம் வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேல்தான் அவுட்டோரை வைக்க வேண்டும்.

அவுட்டோர் காயில் செம்பாக இருக்கட்டும். அலுமினியக் காயிலும் இப்போது வருகிறது. கசிந்தால் நம் ஊரில் அதைப் பற்றவைத்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. செப்டிக் டேங்க் குழாய் வாய்க்குப் பக்கத்தில் அவுட்டோரை வைக்க விடாதீர்கள். அந்த வாயுவில் செம்பு கறுத்து, ஊசிமுனை ஓட்டை விழும். நான் இரண்டு மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன். மாதம் ஒரு முறை மெஷினை நிறுத்திவிட்டு, அவுட்டோர் காயில் மேல் சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டாலே உப்பு இறங்கிவிடும். அதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. மாடியில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

வீடு புதிது என்பதால் ஒரு எச்சரிக்கை. சுவருக்குள் செப்புக் குழாய் ஏற்கெனவே புதைத்திருந்தால், அதைப் போட்டது யார், பூசுவதற்கு முன்னால் பிரஷர் போட்டுப் பார்த்தார்களா என்று என்ஜினியரிடம் கேளுங்கள். சுவருக்குள் ஜாயின்ட் இருக்கவே கூடாது. பார்க்கவில்லை என்றால், ஏசி மாட்டுகிறவர் நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவந்து அந்தக் குழாயைச் சோதித்த பிறகுதான் மெஷினைச் சேர்க்க வேண்டும். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். டைல்ஸ் உடைக்கிற செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஏசிக்கும் போர்டிலிருந்து தனி லைன், ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச்), உருப்படியான எர்த். மெக்கானிக் மாட்டும் முன் எர்த்தை மீட்டர் வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று மெஷின் பெட்டியில் எழுதியிருக்கும். நம் பக்கம் புயல், மழைக்குப் பிறகு வோல்டேஜ் ஆடுகிற ஆட்டம் எனக்குத் தெரியும் என்பதால், நான் போடச் சொல்வேன். மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு, அதாவது பிசிபி, ஒரு முறை போனால் ஸ்டெபிலைசரைவிட அதிகம் செலவாகும். மூன்று ஏசிக்கு உங்கள் மீட்டரின் லோடு போதுமா என்று மின்வாரியத்தில் கேட்டு, தேவையானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாண்டியிலிருந்து வந்தவரைப் பற்றிக் கேட்டீர்கள். கடலூர்க்காரர்கள் பெரிய சாமான் வாங்கப் பாண்டிக்குப் போவது ரொம்ப நாள் பழக்கம். ஜிஎஸ்டி வந்த பிறகு வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஏசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் எல்லோருக்கும்தான். மெஷினை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். மாட்டுகிறவர் மட்டும் பக்கத்தில் இருப்பவராக இருந்தால் நல்லது. இருபது கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் வந்து போகிறவர், மே மாதத்தில் நீங்கள் "தண்ணி சொட்டுது" என்று கூப்பிட்டால் எப்போது வருவார் என்று யோசியுங்கள். அவர் வேலை மற்ற இருவரையும்விடத் தெளிவாக நன்றாக இருந்தால் அவரையே வையுங்கள், ஆனால் ஒரு வருடத்துக்குள் ஃபிளேர் கசிந்தாலோ டிரெயின் ஒழுகினாலோ இலவசமாக வந்து பார்ப்பேன் என்று பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வெளி ஆளை வைத்து மாட்டினால் வாரன்டி போய்விடுமா என்ற பயம் நியாயமானது. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். வாங்குவதற்கு முன் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கேட்டு, அவர்கள் சொல்லும் கம்ப்ளைன்ட் நம்பரைக் குறித்து வையுங்கள். கம்பெனி ஆள் வந்தாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். சட்டை மேல் கம்பெனி பெயர் இருந்தும் பையில் பம்ப் இல்லாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லா மெஷினின் சீரியல் நம்பரும், மாட்டிய தேதியும் பில்லில் இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, பில் இல்லாமல் அங்கே பேசினால் எடுபடாது.

வருடாந்திர ஒப்பந்தம், அதுதான் ஏஎம்சி, முதல் வருடமே எடுக்கத் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு தண்ணீர் சர்வீஸ் போதும். ஃபில்டரை நீங்களே பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவுங்கள்.

பழைய ஏசி ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டுவதாக இருந்தால், அதைக் கற்றுக்குட்டியிடம் கொடுக்காதீர்கள். கழற்றும் முன் கேஸ் எல்லாவற்றையும் அவுட்டோருக்குள் இழுத்து அடைக்க வேண்டும், பம்ப் டவுன் என்போம். அந்த நேரத்தில் குழாய் ஜாயின்ட் தளர்ந்து காற்று உள்ளே போனால் கம்ப்ரசர் வெடித்த விபத்துகள் உண்டு. கேஜ் மாட்டாமல் குத்துமதிப்பாக இதைச் செய்கிறவரை நிறுத்திவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

வருகிறவரின் உயிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேல்மாடி அவுட்டோருக்காகச் சன்ஷேடில் ஒரு காலை வைத்துத் தொங்குகிற பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெல்ட், கயிறு இல்லாமல் வந்தால் "எடுத்துட்டு வாங்க, நாளைக்கு மாட்டிக்கலாம்" என்று சொல்லுங்கள். தனியாக வந்தாலும் அப்படித்தான், இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அதனால் அரை நாள் தள்ளிப்போனால் போகட்டும். தன் உடம்பைப் பத்திரமாகப் பார்க்கிறவர் உங்கள் மெஷினையும் பத்திரமாகப் பார்ப்பார் என்பது என் அனுபவம்.

எப்போது மாட்டுவது என்றால், மாசி மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் யாருக்கும் சாப்பிட நேரம் இருக்காது, நல்ல மெக்கானிக்கும் அந்த நாட்களில் அவசரப்படுவார். மாசியில் கூப்பிட்டால் நின்று நிதானமாகச் செய்வார்.

அப்பா அறைக்கு மட்டும் இரண்டு விஷயம். கட்டிலின் தலைமாட்டுக்கு நேராக இண்டோர் வரக் கூடாது, வயதானவர்களுக்கு அந்தக் காற்று நேராகப் பட்டால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். கால்மாட்டுச் சுவரும் வேண்டாம், பக்கவாட்டுச் சுவரில், காற்று கட்டிலைத் தாண்டிப் போகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் இண்டோர் மாட்டியதும், மூடியைப் போடும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை டிரெயின் தட்டில் ஊற்றச் சொல்லுங்கள். வெளியே குழாய் முனையில் அது தடையில்லாமல் வந்து விழுந்தால் மூடியைப் போடலாம். உள்ளே தேங்கினால் டிரெயின் பைப்பின் சரிவு சரியில்லை, அப்போதே கழற்றி மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவின் தலையணைப் பக்கம் சொட்டும்.